மேல் தொடை எலும்பு மாற்று அறுவைக்குப் பிறகு இடுப்புத் தசைகளை மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடை எலும்பின் மேல்பகுதியை எடுத்துவிட்டு உலோக எலும்பு பொருத்திக்கொண்டவர்களும், அவர்களைக் கூட இருந்து கவனிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். இதில் உள்ளதும் உங்கள் அறுவை மருத்துவர் சொன்னதும் மாறுபட்டால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள். உள்ளே எந்தத் தசையை எங்கே தைத்தார், தையல் எவ்வளவு உறுதி என்பது அவருக்குத்தான் தெரியும்.

சாதாரண இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண அறுவையில் தொடை எலும்பின் பந்து போன்ற தலையையும் கழுத்தையும் மட்டும் வெட்டி எடுப்பார்கள். அதற்குக் கீழே பக்கவாட்டில் துருத்தி நிற்கும் புடைப்பு அப்படியே இருக்கும். நீங்கள் இடுப்புக்குக் கீழே பக்கத்தில் தொட்டால் கையில் தட்டுப்படுகிறதே, அந்த மேடுதான். கிரேட்டர் ட்ரோகான்ட்டர் என்பது அதன் பெயர். இடுப்பின் முக்கியமான தசைகள் அதில்தான் வேர் விட்டிருக்கின்றன.

மேல் தொடை எலும்பு மாற்றில் அந்தப் புடைப்பும் சேர்ந்தே போய்விடுகிறது. தசைகளை எலும்பிலிருந்து விடுவித்து, எலும்பை நீக்கி, நீளமான உலோக எலும்பை வைத்து, விடுவித்த தசைகளை மறுபடி எங்காவது பொருத்த வேண்டும். மூட்டு மாற்று செய்துகொண்ட பக்கத்து வீட்டுக்காரர் ஆறே வாரத்தில் தடியில்லாமல் நடந்தார் என்று கேட்டு மனம் உடைந்து வருபவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அந்த ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். இரண்டும் வேறு வேறு அறுவைகள்.

யாருக்கெல்லாம் இதைச் செய்கிறார்கள்?

ஆஸ்டியோசார்கோமா, யூயிங் சார்கோமா, காண்ட்ரோசார்கோமா போன்ற எலும்புப் புற்றுநோய் தொடையின் மேல்முனையில் வந்தவர்களுக்கு. வேறு உறுப்பில் தோன்றிய புற்றுநோய் அந்த எலும்புக்குப் பரவி அதை உடைத்துவிட்டவர்களுக்கு. ஏற்கெனவே வைத்த செயற்கை மூட்டு தளர்ந்து எலும்பு கரைந்துபோனவர்களுக்கு. வயதான காலத்தில் பழைய மூட்டைச் சுற்றி எலும்பு நொறுங்கியவர்களுக்கும் செய்வதுண்டு.

இது நேற்று வந்த அறுவையும் இல்லை. 1940-இல் அமெரிக்காவில் ஆஸ்டின் மூர், ஹரால்ட் போல்மன் என்ற இரு மருத்துவர்கள், திரும்பத் திரும்ப வளர்ந்த எலும்புக் கட்டி உள்ள ஒருவருக்கு வைட்டாலியம் என்ற உலோகக் கலவையால் செய்த மேல் தொடை எலும்பைப் பொருத்தினார்கள். இதைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1943-இல் வெளிவந்தது.

எந்தெந்தத் தசைகள் பாதிக்கப்படுகின்றன?

முதலில் குளூட்டியஸ் மீடியஸ், குளூட்டியஸ் மினிமஸ் என்ற இரண்டும். இடுப்பெலும்பின் வெளிப்பக்கத்தில் தொடங்கி அந்தப் புடைப்பில் வந்து சேர்பவை. காலைப் பக்கவாட்டில் விலக்குவது இவற்றின் வேலை என்று படங்களில் போட்டிருக்கும். ஆனால் நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் பிடித்து நிறுத்துவதுதான் இவை நாள் முழுக்கச் செய்யும் வேலை. இந்தக் கட்டுரையில் பக்கத் தசைகள் என்று நான் சொல்வது இவற்றைத்தான்.

தொடையை மேலே தூக்கும் இலியோசோவாஸ் தசை, உள்பக்கம் உள்ள சின்னப் புடைப்பில் சேர்கிறது. அதுவும் விடுபடும். அதனால்தான் முதல் மாதங்களில் காலைத் தூக்கிக் கட்டிலில் வைக்கக்கூடக் கையால் பிடிக்க வேண்டியிருக்கிறது. காலை வெளிப்பக்கம் திருப்பும் சின்னச் சின்னத் தசைகள், பிட்டத்தின் பெரிய தசையின் கீழ்ப்பகுதி, முன்தொடைத் தசையின் மேல்பகுதி ஆகியவையும் இடம் பெயரும். கட்டிக்காக அறுவை என்றால், கட்டியை ஒட்டிய தசையில் ஒரு பங்கையும் சேர்த்தே எடுப்பார்கள். எவ்வளவு எடுத்தார்கள் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் எவ்வளவு வலு திரும்பும் என்பது பெரிதும் அதைப் பொறுத்தது.

உலோகத்தில் தசை ஒட்டுமா?

எலும்பில் ஒட்டுவதுபோல ஒட்டாது. நல்ல எலும்பில், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் இழைகள் எலும்புக்குள்ளேயே நுழைந்து அதோடு ஒன்றாகிவிடும். வழவழப்பான உலோகத்தில் அது நடக்காது. அதற்காக மருத்துவர்கள் பல வழிகளைக் கையாள்கிறார்கள்.

உலோக எலும்பில் உள்ள துளைகள் வழியாகக் கெட்டியான நூலால் தசையைக் கட்டுவது ஒன்று. உலோகத்தின் மேல் பாலியஸ்டர் வலைக்குழாயை உறைபோல மாட்டி, அதில் தசையைத் தைப்பது இன்னொன்று. வலையின் கண்களுக்குள் நாளடைவில் தழும்புத் திசு வளர்ந்து பிடித்துக்கொள்ளும். புடைப்பு எலும்பை நோய் தொடவில்லையென்றால் அதைத் தசையோடு சேர்த்து மெல்லிய துண்டாகக் காப்பாற்றி, கம்பியோ கொக்கியோ போட்டு உலோகத்தோடு இறுக்குவதும் உண்டு. பல நேரம் பக்கத் தசையை முன்தொடைத் தசையோடும், தொடையின் வெளிப்பக்கம் ஓடும் பட்டையான திசுவோடும் சேர்த்துத் தைத்து, எல்லாம் ஒரே இழுப்பாக வேலை செய்யும்படி அமைப்பார்கள். தானமாகப் பெற்ற எலும்பை உலோகத்தோடு இணைத்து வைத்தால், அந்த எலும்பில் உள்ள தசைநாணோடு உங்கள் தசைநாணைத் தைக்கலாம். பக்கத் தசையின் வலு இந்த முறையில் கூடுதலாகத் திரும்பும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்த எலும்பு உங்கள் எலும்போடு சேர வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும்.

எந்த முறையானாலும் முதல் 6 முதல் 12 வாரம் அந்தப் பிடிப்பு உருவாகும் காலம். அந்த நாட்களில் நூலும் வலையும்தான் தசையைத் தாங்குகின்றன. உங்கள் ஆர்வத்தையும் சேர்த்துத் தாங்கும் பலம் அவற்றுக்கு இல்லை.

நடக்கும்போது ஏன் இடுப்பு சாய்கிறது? பழக்கமா, பலவீனமா?

பலவீனம். சோம்பல் என்றோ கெட்ட பழக்கம் என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அப்போது உடலின் எடை முழுதும், தரையில் நிற்கும் காலின் இடுப்பு மூட்டுக்கு உள்பக்கமாகக் கீழே இழுக்கிறது. மூட்டுக்கு வெளிப்பக்கத்திலிருந்து பக்கத் தசை இழுத்துப் பிடிக்காவிட்டால், தூக்கிய காலின் பக்கம் இடுப்பு தொங்கிவிடும். 1895-இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபிரீட்ரிக் டிரெண்டலன்பர்க் இதை விவரித்தார். இன்றைக்கும் மருத்துவர் உங்களை ஒற்றைக் காலில் நிறுத்திப் பார்ப்பது அவர் பெயரால் வழங்கும் சோதனைதான்.

தொங்குவதைத் தவிர்க்க உடம்பு தானாகவே ஒரு வழி கண்டுபிடிக்கிறது. அறுவை செய்த பக்கமே மார்பைச் சாய்த்துவிடும். எடை மூட்டுக்கு நேர் மேலே வந்துவிடுவதால் தசைக்கு வேலை குறைகிறது. முதல் மாதங்களில் இந்தச் சாய்வு வருவது இயல்பு. தசை திரும்பிய பிறகும் அது மாறாமல் போனால்தான் சிக்கல். முதுகும் எதிர்ப்பக்க முழங்காலும் நாளடைவில் அதற்கு விலை கொடுக்கும்.

கைத்தடியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்?

அறுவை செய்த காலுக்கு எதிர்க் கையில். இதைச் சொன்னதும் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். வலிக்கும் பக்கத்தில்தானே ஊன்ற வேண்டும் என்பார்கள். அதனால் ஒரு கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். நிற்கும் காலைக் கழித்தால் மூட்டுக்கு மேல் ஏறக்குறைய 50 கிலோ. அந்த எடை மூட்டிலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளி இழுக்கிறது. பக்கத் தசையோ மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. தூரம் பாதி என்பதால் இழுப்பு இரட்டிப்பாக வேண்டும்: 100 கிலோ. ஆக, ஒவ்வொரு அடிக்கும் அந்தத் தசை உடல் எடையைவிட அதிகமாக இழுக்கிறது. மூட்டின் மேல் விழும் மொத்த அழுத்தம் 150 கிலோ, அதாவது உடல் எடையின் இரண்டரை மடங்கு.

இப்போது எதிர்க் கையில் தடி. அந்தக் கை மூட்டிலிருந்து சுமார் 50 செ.மீ. தள்ளி இருக்கிறது. தடியில் வெறும் 5 கிலோ அழுத்தினால் போதும், தசை இழுக்க வேண்டியது 100 கிலோவிலிருந்து 50 கிலோவாகக் குறைந்துவிடும். மூட்டின் அழுத்தம் 150-இலிருந்து 95-க்கு இறங்கும். தூரங்கள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், ஆனால் விகிதம் இதுதான். அதே பக்கக் கையில் தடியைப் பிடித்தால் இந்த உதவி கிடைக்காது, உடம்பு அந்தப் பக்கமே இன்னும் சாயும்.

தடி பிடிப்பது வெட்கம் என்று நினைப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: பாதி வலுவுள்ள தசையைக்கூட இடுப்பு சாயாமல் சரியாக வேலை செய்ய வைப்பது அந்தத் தடி. தடியோடு நேராக நடப்பதால் தசை கற்றுக்கொள்கிறது. தடியில்லாமல் சாய்ந்து நடந்தால் சாய்வைத்தான் கற்றுக்கொள்ளும்.

முதல் ஆறு வாரம் என்ன செய்யலாம்?

பெரும்பாலும் அறுவைக்கு அடுத்த நாளோ, அதற்கு மறுநாளோ உட்கார வைத்து, வாக்கர் பிடித்து நிற்க வைப்பார்கள். படுத்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, முழங்காலைக் கட்டிலோடு அழுத்தி முன்தொடையை இறுக்குவது, பிட்டத்தை மெல்ல இறுக்கி விடுவது ஆகிய மூன்றும் ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. கணுக்கால் அசைவைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள், காலில் ரத்தம் உறையாமல் காப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

செய்யக் கூடாதவை: பக்கவாட்டில் காலைத் தானாகத் தூக்குவது, கால்மேல் கால் போடுவது, அறுவை செய்த காலை உடலின் நடுக்கோட்டைத் தாண்டி உள்பக்கம் கொண்டுபோவது. பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவை என்றால் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பவும் கூடாது. தாழ்ந்த நாற்காலி, தாழ்ந்த கழிப்பறை இருக்கை, தரையில் விழுந்ததைக் குனிந்து எடுப்பது எல்லாம் இந்த 90 பாகையைத் தாண்ட வைப்பவை. தூங்கும்போது இரண்டு கால்களுக்கும் நடுவில் தலையணை.

இந்தக் கட்டத்தில் பக்கத் தசையை வலுவாக்க நினைக்காதீர்கள். அதற்கு இப்போது தேவை ஓய்வு. நன்றாக வரவேண்டும் என்ற ஆசையில் மூன்றாவது வாரமே படுத்துக்கொண்டு காலைத் தூக்கிப் பார்த்து, சரசரவென்று ஏதோ விட்டதுபோல உணர்ந்து ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. உழைத்தால் வரும் என்றுதான் நமக்கெல்லாம் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இந்த ஆறு வாரத்துக்கு மட்டும் அந்தப் பாடத்தைத் தள்ளி வையுங்கள்.

காலில் எவ்வளவு எடை போடலாம்?

உலோக எலும்பின் தண்டை, அதாவது உங்கள் எலும்புக்குள் இறங்கும் பகுதியை, எப்படிப் பொருத்தினார்கள் என்பதைப் பொறுத்தது. எலும்புச் சிமெண்ட் வைத்திருந்தால் பெரும்பாலும் தாங்கும் அளவுக்கு உடனே ஊன்றலாம். சிமெண்ட் இல்லாமல் எலும்பே வளர்ந்து பிடிக்கும் வகை என்றால் 6 முதல் 12 வாரம் பகுதி எடை மட்டும். பகுதி எடை என்றால் எவ்வளவு என்று குழம்பினால், எடை பார்க்கும் கருவி ஒன்றில் அந்தக் காலை வைத்து, மருத்துவர் சொன்ன கிலோ வரும்வரை அழுத்திப் பாருங்கள். நாலைந்து முறை செய்தால் காலுக்கே கணக்குப் பழகிவிடும்.

படியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த காலும் தடியும் முதலில்.

இடுப்புப் பிரேஸ் கட்டாயமா?

இடுப்பையும் தொடையையும் சுற்றிக் கட்டும் இந்தப் பட்டையை எல்லோருக்கும் தருவதில்லை. தந்திருந்தால் சொன்ன காலம் வரை, பெரும்பாலும் 6 முதல் 12 வாரம், போட்டுக்கொள்ளுங்கள். கால் உள்பக்கம் போகாமல் தடுப்பதும், தைத்த தசை இழுபடாமல் காப்பதும் அதன் வேலை. தோல் சிவந்தால் கழற்றி எறியாமல், கொண்டுபோய்ச் சரிசெய்துகொள்ளுங்கள்.

மூட்டு நழுவிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

ஆபத்து உண்மைதான். தொடை எலும்பின் பந்தை இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் அழுத்தி வைத்திருப்பது சுற்றியுள்ள தசையும், மூட்டைப் போர்த்தியிருக்கும் மூட்டுறையும். இரண்டும் அறுவையில் அடிபட்டவை, அதனால் சாதாரண மூட்டு மாற்றைவிட நழுவும் வாய்ப்பு இதில் அதிகம். மருத்துவர்களும் சும்மா இருப்பதில்லை. மீதமிருக்கும் மூட்டுறையைச் சுருக்குப்பை போல இழுத்துத் தைப்பார்கள், பெரிய பந்து வைப்பார்கள். பந்துக்குள் பந்தாகச் சுழலும் இரட்டை அசைவுக் கிண்ணம் 1970-களில் பிரான்சில் ழீல் பூஸ்கே என்பவர் உருவாக்கியது. அதையும் இப்போது இத்தகைய அறுவைகளில் பயன்படுத்துகிறார்கள்.

திடீரென்று கடும் வலி, கால் குட்டையானதுபோலத் தெரிவது, பாதம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்பது, ஊன்றவே முடியாமல் போவது ஆகியவை நழுவியதன் அடையாளம். நீங்களே இழுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அசையாமல் படுத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

பக்கத் தசைக்கான பயிற்சியை எப்போது, எந்த வரிசையில் தொடங்குவது?

மருத்துவர் அனுமதித்த பிறகு. பொதுவாக 6 வாரத்துக்கு முன் இல்லை, சிலருக்கு 12 வாரம் வரைகூட ஆகும். புடைப்பு எலும்பைக் கம்பியால் இறுக்கியிருந்தால் எக்ஸ்ரேயில் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்.

முதல் படி, தசையை எழுப்புவது. மல்லாந்து படுத்து, காலை அசைக்காமல், வெளிப்பக்கம் தள்ள நினைப்பதுபோல மெல்ல இறுக்கி 5 விநாடி பிடித்து விடுங்கள். முழுப் பலத்தில் கால்வாசி போதும். கையை இடுப்பின் பக்கத்தில், எலும்பு விளிம்புக்குக் கீழே வைத்தால் விரலுக்கு அடியில் தசை கெட்டியாவது தெரியும். பல பேருக்கு முதல் வாரம் எதுவுமே தெரியாது. ஒரு நாள் திடீரென்று லேசாகத் துடிக்கும். அந்த நாளை என்னிடம் சொல்ல வரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

அடுத்தது, எடையில்லாத அசைவு. மல்லாந்தபடியே, வழுக்கும் துணியையோ பிளாஸ்டிக் பையையோ குதிகாலுக்கு அடியில் போட்டு, காலைக் கட்டிலின் மேலேயே வெளிப்பக்கம் நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவருவது. நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. விரல்கள் கூரையைப் பார்க்க வேண்டும். கூடவே குதிகாலை இழுத்து முழங்காலை மடக்கிப் பழகினால் தொடை தூக்கும் தசையும் விழிக்கும்.

மூன்றாவது, நின்றுகொண்டு. மேசையைப் பிடித்து, எடையை மெல்ல அறுவை செய்த காலுக்கு மாற்றி, இடுப்பு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்ப்பது. மட்டமாக 10 விநாடி நிற்க முடிந்தால், நல்ல காலைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை தூக்குங்கள். அப்போது உண்மையில் உழைப்பது தரையில் நிற்கும் காலின் பக்கத் தசை. நடைக்குத் தேவையான உழைப்பும் இதேதான். படுத்துத் தூக்குவதைவிட இது நேரடியாக நடைக்கு உதவும் என்பது என் அனுபவம்.

நான்காவதுதான் பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது. காலின் எடை முழுதையும் தூக்க வேண்டியிருப்பதால் இது கடினமானது, 3 மாதத்துக்குப் பிறகுதான் பெரும்பாலோருக்குத் தருவேன். முழங்காலை மடக்கி வைத்துத் தொடங்கினால் சுமை குறையும். இரண்டு முழங்காலையும் மடக்கிப் படுத்து இடுப்பைத் தூக்கும் பாலம், பக்கவாட்டில் அடியெடுத்து நடப்பது, தாழ்ந்த படியில் ஏறி இறங்குவது, ரப்பர் பட்டை எல்லாம் அதற்கப்புறம்.

எண்ணிக்கை கேட்பவர்களுக்கு: 8 முதல் 10 முறை, நாளைக்கு இரண்டு மூன்று தடவை. கடைசி இரண்டு முறையில் அசைவு கோணலானால் அதோடு நிறுத்துங்கள். ஒரு பயிற்சி இரண்டு வாரம் எளிதாக இருந்தால்தான் அடுத்ததற்குப் போகலாம்.

சரியான தசைதான் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

உடம்பு குறுக்கு வழி தேடும். பக்கவாட்டில் படுத்துக் கால் தூக்கும்போது பாதம் கூரையைப் பார்த்துத் திரும்பினால், பின்னால் உள்ள பக்கத் தசைக்குப் பதிலாக முன்பக்கத் தசைகள் தூக்குகின்றன. இடுப்பு விலாவை நோக்கி ஏறினால் முதுகின் பக்கத் தசை தூக்குகிறது. உடல் பின்னால் உருண்டாலும் அப்படித்தான். சுவரில் முதுகையும் குதிகாலையும் ஒட்டியபடி பக்கவாட்டில் படுத்துச் செய்தால் இந்தத் தவறுகள் குறையும். நடையைப் பின்னாலிருந்து போனில் படம் எடுத்துப் பாருங்கள். மாதம் ஒரு முறை அதே இடத்தில் எடுத்து வைத்தால், நாள்தோறும் கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் அதில் தெரியும்.

எவ்வளவு வலியைப் பொறுத்துக்கொள்ளலாம்?

பயிற்சிக்குப் பிறகு தசை களைத்து வலிப்பது சரி, மறுநாள் காலைக்குள் தணிந்துவிட வேண்டும். தணியாவிட்டால் பாதியாகக் குறையுங்கள். கூர்மையான வலி, இடுப்பின் பக்கத்தில் சட்டென்று கிழிவது போன்ற உணர்வு, நேற்றுவரை வந்த அசைவு இன்று வராமல் போவது என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். காயத்தில் நீர் கசிவது, சிவப்பு, காய்ச்சல் இருந்தால் அன்றே காட்ட வேண்டும், உலோகம் உள்ள இடத்தில் கிருமித்தொற்று என்றால் காத்திருக்கக் கூடாது. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் அவசரம்.

எத்தனை முயன்றும் தசை அசையவே இல்லை. ஏன்?

மூன்று காரணங்கள் இருக்கலாம். தைத்த இடம் விட்டுப்போயிருக்கலாம். தசையே பெரும்பகுதி நீக்கப்பட்டிருக்கலாம். அல்லது அதற்குப் போகும் நரம்பு அடிபட்டிருக்கலாம். சுபீரியர் குளூட்டியல் என்ற அந்த நரம்பு, புடைப்பின் உச்சிக்குச் சுமார் 5 செ.மீ. மேலே தசைக்குள் குறுக்காக ஓடுகிறது, அறுவையில் இழுபட இடமுண்டு. ஸ்கேனும் நரம்பு மின்பரிசோதனையும் காரணத்தைச் சொல்லும். நரம்பு நசுங்கியிருந்தால் மாதக்கணக்கில் மெல்லத் திரும்பக்கூடும். காரணம் தெரியாமல் பயிற்சியை மட்டும் இரட்டிப்பாக்குவது வீண் வேதனை.

கீமோ நடக்கும்போது பயிற்சி செய்யலாமா?

செய்யலாம், அளவை நாளுக்கு நாள் மாற்றிக்கொண்டு. மருந்து ஏறிய அடுத்த சில நாட்களில் எழுந்து கழிப்பறைக்குப் போய்வந்தாலே அன்றைய பயிற்சி முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைந்திருக்கும்போது ரப்பர் பட்டை, எடை வேண்டாம். ஹீமோகுளோபின் குறைந்தால் மூச்சும் தலைசுற்றலும்தான் அளவுகோல். காய்ச்சல் வந்தால் பயிற்சியை மறந்துவிட்டு உடனே மருத்துவமனை. விட்ட நாட்களை அடுத்த வாரம் சேர்த்துச் செய்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். ரேடியேஷன் எடுத்தவர்களுக்குத் திசு இறுகும், அவர்கள் மென்மையான நீட்டல் அசைவுகளை விடாமல் செய்ய வேண்டும்.

ஒரு கால் நீளமாகத் தெரிகிறது. குதிகாலுக்கு அட்டை வைக்கலாமா?

அவசரப்படாதீர்கள். தசைகள் இறுகி இடுப்பு சாய்ந்திருப்பதால் இல்லாத நீளம் இருப்பதுபோலத் தோன்றும். சில மாதங்களில் அது தானாகவே குறையலாம். எக்ஸ்ரேயில் அளந்து, உண்மையான வித்தியாசம் இருந்தால் செருப்பில் உயரம் கூட்டிக்கொள்ளலாம். தசையை விறைப்பாக வைக்க வேண்டி மருத்துவர் கொஞ்சம் நீளமாகவே வைத்திருப்பதும் உண்டு.

மின்தூண்டல் கருவி, தண்ணீர்ப் பயிற்சி உதவுமா?

தண்ணீர்ப் பயிற்சி மிக நல்லது, காயம் முழுதாக ஆறி மருத்துவர் சம்மதித்த பிறகு. நெஞ்சளவு நீரில் உடல் எடையின் பெரும்பகுதி குறைந்துவிடுவதால், தரையில் சாய்ந்து நடப்பவர் அங்கே நேராக நடக்க முடிகிறது. கீமோவுக்கான குழாய் உடலில் இருந்தாலோ வெள்ளணுக்கள் குறைந்திருந்தாலோ நீச்சல் குளம் வேண்டாம்.

மின்தூண்டல், எழுப்பவே முடியாத தசைக்குக் கொஞ்சம் உதவலாம். ஆனால் கட்டி இருந்த இடத்தின் மேல் புற்றுநோய் மருத்துவரின் அனுமதி இல்லாமல் வைக்கக் கூடாது.

சிறுவர்களுக்கு?

வளரும் பிள்ளைகளுக்கு நீளத்தைக் கூட்டக்கூடிய செயற்கை எலும்பு வைப்பதுண்டு. ஒவ்வொரு முறை நீட்டிய பிறகும் தசை கொஞ்சம் பின்தங்கும், மறுபடி இழுத்து வலுவாக்க வேண்டும். பிள்ளைகளிடம் எண்ணிக்கை பேசாதீர்கள், பந்தைக் காலால் பக்கவாட்டில் தள்ளும் விளையாட்டாக மாற்றிவிடுங்கள். தடுக்க வேண்டியது ஓட்டத்தையும் குதிப்பையும்தான்.

வண்டி ஓட்டுவது, வேலை, தாம்பத்தியம்?

பலமான வலிமருந்துகளை நிறுத்தி, பிரேஸ் கழற்றி, சட்டென்று பிரேக்கை அழுத்த முடிகிற பிறகே வண்டி. வலது கால் என்றால் இன்னும் தாமதமாகும். உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பலர் மூன்று மாதத்தில் திரும்புகிறார்கள், சுமை தூக்கும் வேலைக்குத் திரும்புவது கடினம், மாற்று யோசிக்க வேண்டும். மூன்றாவதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன்: தசை பிடித்துக்கொண்டதும், பெரும்பாலும் 12 வாரத்துக்குப் பிறகு, மல்லாந்த நிலையில், காலை உள்பக்கம் திருப்பாமல், அதிகம் மடக்காமல் தொடங்கலாம். உங்கள் பிசியோவிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

எப்போது முழுதாகச் சரியாகும்? சாய்வு போய்விடுமா?

முதல் ஆண்டில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், இரண்டாம் ஆண்டிலும் மெதுவாகத் தொடரும். பலருக்குக் கொஞ்சம் சாய்வு நிலைத்துவிடுகிறது. நீண்ட தூரத்துக்கோ கூட்டமான இடத்துக்கோ ஒரு தடி தேவைப்படுகிறது. இதை முன்கூட்டியே நேராகச் சொல்லிவிடுவது என் கடமை. தசை பெரும்பாலும் காப்பாற்றப்பட்ட, நரம்பு நன்றாக உள்ள, புடைப்பு எலும்பும் மிஞ்சிய ஒருவர் வீட்டுக்குள் தடியில்லாமல் கிட்டத்தட்ட நேராக நடப்பதும் உண்டு.

மருத்துவர்கள் இதை அளக்க, 1993-இல் வில்லியம் என்னிகிங் குழுவினர் வெளியிட்ட 30 மதிப்பெண் அளவுகோல் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். வலி, செயல்பாடு, மன ஏற்பு, ஊன்றுதுணை, நடக்கும் தூரம், நடையின் அழகு என்று ஆறுக்கும் தலா 5. மன ஏற்புக்கும் நடையின் அழகுக்கும் ஒரே மதிப்பு கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். சாய்ந்து நடந்தாலும் தன் காலில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு நிறைவாக இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

வழியில் கிடக்கும் பாயையும் மின்கம்பியையும் எடுங்கள், கழிப்பறையில் கைப்பிடி வையுங்கள், நாற்காலியின் உயரத்தைக் கூட்டுங்கள். அப்புறம், கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். அவரே எழட்டும், நீங்கள் அருகில் நில்லுங்கள். "நேரா நட, நேரா நட" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பதை நிறுத்தினால் பெரிய புண்ணியம். வலுவில்லாத தசை சொல் பேச்சால் வலுவாகாது.

ஒரு வருடம் ஆகிவிட்டது. இன்னும் பயிற்சி செய்ய வேண்டுமா?

வேண்டும். முதல் மாதத்தில் அவசரப்படுபவர்களே பலர் எட்டாவது மாதத்தில் சலித்து விட்டுவிடுகிறார்கள். இந்தத் தசைக்கு மிச்சப் பலம் குறைவு. நல்ல இடுப்பு மூன்று மாதம் சும்மா இருந்தாலும் நடை மாறாது, உங்களுக்கு மூன்று வாரத்திலேயே சாய்வு கூடிவிடலாம். வாரத்தில் மூன்று நாள், 15 நிமிடம் போதும்: ஒற்றைக் கால் நிலை, பாலம், பக்கவாட்டு நடை. பல் தேய்க்கும்போது மேடையைப் பிடித்துக்கொண்டு அறுவை செய்த காலில் 20 விநாடி நிற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டமும் குதிக்கும் விளையாட்டும் வேண்டாம், நீச்சலும் நிலையான சைக்கிளும் நல்லவை. நன்றாக இருந்த நடை ஒரு காரணமும் இல்லாமல் மோசமானாலோ, தொடையில் புதிதாக வலி வந்தாலோ அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்காமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.